பழைய காற்று இருக்கும் ஊர்கள்

ஞாயிறு – இலுலிசாட், கிரீன்லாந்து

280. இந்த ஒரு எண்ணுக்காகத்தான் இத்தனை தூரம் கிளம்பி வந்திருக்கிறேன். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது என்று பாடப்புத்தகத்திலும் படிக்கிறோம், பருவநிலை மாநாட்டுச் செய்திகளிலும் படிக்கிறோம். இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. இன்றைய கணக்குக்குச் சாட்சி உண்டு; ஹவாயின் மவுனா லோவா மலையில் 1958 முதல் அளந்து வருகிறார்கள். 1750இல் அளந்தவர் யார்? யாரும் இல்லை. அந்தக் காலத்துக் காற்று பனிக்கட்டிக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது. அதை வெளியே எடுத்து இப்போது அளக்கிறார்கள். பழைய பருவநிலையைச் சொல்ல மர வளையம், ஏரிச் சேறு, பவளம் என்று எத்தனையோ தடயங்கள் உண்டு. அவற்றை வைத்துக் காற்று எப்படி இருந்திருக்கும் என்று கணிக்கத்தான் முடியும். துருவப் பனியில் அந்தக் காற்றே கைக்குக் கிடைக்கிறது. அறிவியலில் இதைவிட என்னை வியக்க வைத்த விஷயம் அதிகம் இல்லை.

அண்டார்டிகாவுக்குப் போக எனக்கு வழியில்லை. ஆனால் அங்கே தோண்டிய பனிக்கட்டியை ஆராயும் ஊர்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் பெர்ன், பிரான்சின் கிரனோபிள் இரண்டிலும் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. நடுவில் கிரீன்லாந்துப் பனிக்கட்டியைச் சேமிக்கும் கோபன்ஹேகன். அதற்கு முன் பனியை அதன் சொந்த இடத்திலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இங்கே வந்தேன்.

காலையில் படகில் போனோம். செர்மெக் குயால்லெக் பனியாறு உடைத்துத் தள்ளும் பனிமலைகள் விரிகுடா வாயில் நெருக்கியடித்து நின்றன. இந்த இடம் 2004 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். படகோட்டி வலையைப் போட்டு மிதந்து வந்த ஒரு துண்டை அள்ளிக் கையில் கொடுத்தார். அழகு பார்க்க நேரமில்லை, உருகத் தொடங்கிவிட்டது. வெயிலுக்கு நேரே பிடித்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. உற்றுப் பார்த்தால் அந்த வெண்மை முழுக்கக் குமிழிகள். ஊசிமுனை அளவுதான் ஒவ்வொன்றும். பனியாறு நகர்ந்த திசையில் இழுபட்டு, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நீண்டிருந்தன. ஒரு ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு நீலப் பட்டை. அங்கே குமிழியே இல்லை. உருகிய நீர் வெடிப்புக்குள் இறங்கி மறுபடி உறைந்த இடம் அது என்றார் படகோட்டி.

துண்டைத் தண்ணீரில் போட்டுக் காதை அருகே வைத்தால் படபடவென்று வெடிக்கும் சத்தம். உள்ளே இருக்கும் காற்று பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. சுவர் உருகி மெலிந்ததும் பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது. என் முகத்துக்கு நேரே கலந்த அந்தக் காற்று எந்த நூற்றாண்டைச் சேர்ந்ததோ, மிதக்கும் துண்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆழமும் அடுக்கும் தெரிந்தால்தான் வயது தெரியும்.

குமிழி எப்படி உண்டாகிறது என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லாமே இதில்தான் நிற்கிறது. விழும் பனி முதலில் வெறும் பஞ்சு. அதில் பாதிக்கு மேல் காற்றுதான். ஆண்டுக்கு ஆண்டு மேலே பாரம் ஏற ஏற அது நெருங்கி, ‘ஃபிர்ன்’ என்கிற கெட்டிப்பனி ஆகிறது. அந்த நிலையிலும் துளைகள் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கின்றன. மேலே உள்ள காற்று உள்ளே போகும், வரும். 50 முதல் 120 மீட்டர் ஆழத்துக்குள் எங்கோ ஒரு கட்டத்தில் துளைகள் மூடிக்கொள்கின்றன. அதோடு வாசல் அடைத்தாயிற்று. ஆகவே குமிழியில் இருக்கும் காற்று அதைச் சுற்றியுள்ள பனியைவிட இளையது. எவ்வளவு இளையது என்பது அந்த இடத்தில் எவ்வளவு பனி பெய்கிறது என்பதைப் பொறுத்தது. அண்டார்டிகக் கரையோரம், பனி கொட்டும் லா டோமில் சுமார் 30 ஆண்டு வித்தியாசம். கிரீன்லாந்தின் உச்சியில் ஓரிரு நூறு ஆண்டு. பெரும்பாலும் வறண்டு கிடக்கும் கிழக்கு அண்டார்டிகாவின் உட்பகுதியில் சில ஆயிரம் ஆண்டுகள். இந்த வித்தியாசம் பின்னால் ஒரு பெரிய விவாதத்துக்கே காரணமானது. கிரனோபிளில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

திங்கள் – இலுலிசாட்

இங்கிருந்து வடக்கே பாகிட்சோக் என்று ஒரு இடம். நான் போகவில்லை, கரையிலிருந்து திசையை மட்டும் காட்டினார்கள். ஆனால் இந்தத் துறையில் அது பேர்போன இடம். பனிப்படலத்தின் உள்ளே ஆழத்தில் கிடக்க வேண்டிய பழைய அடுக்குகள் நகர்ந்து வந்து இந்த விளிம்பில் மேற்பரப்பிலேயே தலைகாட்டுகின்றன. பனிப்படலத்தைத் துளைக்கவே வேண்டாம், விளிம்பில் நடந்தாலே காலத்தில் பின்னோக்கிப் போகலாம். கடைசிப் பனியுகம் முடிந்த தறுவாயில், சுமார் 11,600 ஆண்டுகளுக்கு முன், காற்றில் மீத்தேன் இரண்டே நூற்றாண்டுக்குள் ஏறக்குறைய ஐம்பது சதவீதம் எகிறியது. அந்தக் காலத்துக் காற்று இங்கே அறுத்து எடுக்கும்படி கிடைக்கிறது.

ஏன் எகிறியது? கடலடியில் உறைந்து கிடக்கும் மீத்தேன் குப்பென்று வெளியேறியதா, அல்லது சதுப்பு நிலங்கள் பெருகியதா? முதலாவது உண்மையென்றால் பயப்பட வேண்டிய செய்தி. பூமி சூடானால் அது மறுபடியும் நடக்கலாம். பிரித்துச் சொல்லக் கதிரியக்கக் கார்பன்-14 உதவும். கடலடி மீத்தேன் மிகப் பழையது, அதில் கார்பன்-14 தேய்ந்துபோயிருக்கும். சதுப்பு மீத்தேனில் அது இருக்கும். சிக்கல் என்னவென்றால் பனிக்காற்றில் மீத்தேனே அரிது, அதில் கார்பன்-14 அதைவிட அரிது. ஒரே ஒரு அளவீட்டுக்கு ஏறக்குறைய ஒரு டன் பனிக்கட்டி வேண்டும். ஆய்வாளர் வாசிலி பெட்ரென்கோவும் கூட்டாளிகளும் அத்தனையையும் வெட்டி, அங்கேயே உருக்கி, காற்றைப் பிரித்தெடுத்தார்கள். 2009இல் வந்த முடிவு: பெரும்பங்கு சதுப்பு நிலங்களே.

இதே முறை 2020இல் இன்னொரு பெரிய கணக்கைத் திருத்தியது. நிலத்தடியிலிருந்து இயற்கையாகக் கசியும் மீத்தேன் ஆண்டுக்கு 4 முதல் 6 கோடி டன் என்று அதுவரை கணித்திருந்தார்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய காற்றை கிரீன்லாந்துப் பனியிலிருந்து எடுத்துப் பார்த்தால், அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அப்படியானால் இன்று காற்றில் இருக்கும் பழைய மீத்தேன் எங்கிருந்து வந்தது? நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் குழாய்கள். மனிதர்களின் பங்கை 25 முதல் 40 சதவீதம் வரை குறைத்து மதிப்பிட்டிருந்தோம் என்று அந்த ஆய்வு சொன்னது. இதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். இயற்கைக் கசிவை அடைக்க நம்மால் ஆகாது. குழாய் ஒழுகலை அடைக்க முடியும்.

புதன் – கோபன்ஹேகன்

குளிர் அறைக்குள் போகுமுன் கனத்த அங்கியும் கையுறையும் கொடுத்தார்கள். பேனா வேண்டாம், மை உறைந்துவிடும், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உள்ளே வரிசை வரிசையாக அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ‘ஐஸ் கோர்’ எனப்படும் பனித்தண்டுகள், 55 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, உறையிட்டு, எண் போட்டு வைத்திருக்கிறார்கள். டென்மார்க் குழுவினருக்கு 55 செ.மீ. என்பதே ஒரு அளவுகோல். ஆழத்தை மீட்டரில் சொல்லாமல் ‘எத்தனையாவது பை’ என்று சொல்லும் பழக்கம் உண்டு.

இந்தத் துறையின் வேர் இந்த ஊரில் ஒரு பியர் புட்டியில் இருக்கிறது. 1952இல் டென்மார்க் ஆய்வாளர் வில்லி டான்ஸ்கார்ட் தன் வீட்டுத் தோட்டத்தில் புட்டியும் புனலும் வைத்து மழைநீரைப் பிடித்தார். மேகம் குளிர்ந்திருந்தால் மழையில் கனமான ஆக்சிஜன்-18 குறையும் என்று அதிலிருந்து கண்டுகொண்டார். அப்படியானால் பழைய பனியில் பழைய வெப்பநிலை எழுதியிருக்க வேண்டுமே! வடமேற்கு கிரீன்லாந்தில் அமெரிக்க ராணுவம் பனிக்கு அடியில் கட்டிய கேம்ப் செஞ்சுரி முகாமில் 1966இல் அடிப்பாறை வரை, 1,387 மீட்டர், துளையிட்டு முடித்தார்கள். அந்தப் பனித்தண்டை ஆராய வாய்ப்புக் கேட்டு வாங்கியவர் டான்ஸ்கார்ட்.

பின்விளக்குப் பலகை மேல் இரண்டு துண்டுகளை அருகருகே வைத்துக் காட்டினார் ஆய்வாளர். குறைந்த ஆழத்துத் துண்டு, குமிழி நிறைந்து மங்கலாக இருந்தது. ஆழத்துத் துண்டு கண்ணாடி போலத் தெளிவு. குறுக்கே மெல்லிய சாம்பல் பட்டைகள், பனியுகத்துப் புழுதி. காற்று எங்கே போயிற்று? போகவில்லை. ஆழம் கூடக் கூட அழுத்தம் தாங்காமல் வாயு மூலக்கூறுகள் பனிப்படிகத்தின் கூண்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றன. கிளாத்ரேட் என்பது அதன் பெயர். இந்த மாற்றம் நடக்கும் ஆழத்துப் பனித்தண்டு மேலே வந்ததும் பொடிப்பொடியாகத் தெறிக்கும். அதனால் அந்தப் பகுதியை உடனே அறுக்காமல், முகாமிலேயே ஒரு குளிர்காலம் ஓய்வுக்கு விட்டுவிடுவார்கள். துளை மூடிக்கொள்ளாமல் இருக்க அதில் ஒரு திரவத்தை நிரப்ப வேண்டும். முன்பெல்லாம் மண்ணெண்ணெய் வகை. அண்மைக் காலத்தில் கிரீன்லாந்தில் பயன்படுத்துவதில் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த பொருளும் சேர்ந்திருக்கிறது.

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன். இத்தனை பனிக்கட்டி கையருகே இருக்க, கரியமில வாயுவுக்கு ஏன் அண்டார்டிகாவை நம்பியிருக்கிறீர்கள்? கிரீன்லாந்துப் பனியில் அந்த வாயுவை நம்ப முடியாது என்பதுதான் பதில். பனியுகக் காலத்தில் ஆசியப் பாலைவனங்களிலிருந்து வந்த புழுதி இங்கே படிந்தது. அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பனியில் உள்ள அமிலம் அதோடு வினைபுரிந்தால் கரியமில வாயு உள்ளேயே பிறக்கும். கரிமப் பொருட்கள் சிதைந்தும் பிறக்கும். அப்படிப் பிறந்ததை அந்தக் காலத்துக் காற்று என்று எண்ணி ஏமாறக் கூடாது. மீத்தேனுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்கு கிரீன்லாந்தும் சாட்சி சொல்லும். சேமிப்பில் உள்ளதையே கழித்துவைக்கத் தெரிந்த இவர்களின் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளி – பெர்ன்

ரயில் நிலையத்துக்குச் சற்று மேலே, மேட்டில் இருக்கிறது பல்கலைக்கழக இயற்பியல் கட்டடம். ஹான்ஸ் ஓஷ்கர் இங்கே உருவாக்கிய குழு இது. கிரீன்லாந்துப் பனியில் தெரியும் திடீர் வெப்ப ஏற்றங்களுக்கு டான்ஸ்கார்ட்–ஓஷ்கர் நிகழ்வுகள் என்று பெயர் வந்ததில் பாதி இவருடையது.

இங்கே பார்த்ததைத்தான் மெதுவாகச் சொல்ல வேண்டும். ஒரு துண்டுப் பனிக்கட்டியை ரம்பத்தில் கொடுத்து வெளிப்புறத்தைச் சீவி எறிகிறார்கள். இன்றைய காற்றும் துளைத்திரவமும் தொட்ட பகுதி அது. மிஞ்சுவது எட்டு கிராம் அளவில் ஒரு சிறு கட்டி. அதைக் குளிரூட்டிய எஃகுக் கலத்தில் வைத்து மூடி, உள்ளிருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி வெற்றிடம் ஆக்குகிறார்கள். பிறகு எஃகு ஊசிக் கற்றை இறங்கிக் கட்டியை நொறுக்குகிறது. உருக்க மாட்டார்கள், நீர் வந்தால் புழுதியிலுள்ள சுண்ணாம்பு கரைந்து புது வாயுவைக் கிளப்பிவிடும். நொறுங்கிய குமிழிகளிலிருந்து வரும் காற்று ஒரு மில்லிலிட்டரைக்கூட எட்டாது. ஒரு கிராம் பனிக்கட்டியில் பத்தில் ஒரு மில்லிலிட்டர்தான். அதில் நீராவியைப் பிரித்துவிட்டு லேசர் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஒளியைக் கரியமில வாயு விழுங்கியது என்று பார்க்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. குமிழியே இல்லாத சுத்தமான பனிக்கட்டியைத் தாங்களே உறைய வைத்து, அளவு தெரிந்த வாயுவோடு அதே கலத்தில் நொறுக்கிப் பார்க்கிறார்கள். உள்ளே விட்ட எண்ணே திரும்பி வந்தால் சரி. வித்தியாசம் வந்தால் அது கருவியின் பிழை. அதைக் கணக்கில் கழிக்க வேண்டும். ஒரு நாளின் வேலையில் கணிசமான நேரம் இந்தச் சோதனைக்கே போகிறது.

1985இல் இந்தக் குழு அண்டார்டிகாவின் சைப்பிள் நிலையத்துப் பனித்தண்டிலிருந்து ஒரு வரைபடம் வெளியிட்டது. 1750 வாக்கில் 280இல் தொடங்கும் கோடு, ஏறி ஏறி வந்து, மவுனா லோவாவின் அளவீடுகளோடு கைகோத்துவிடுகிறது. பின்னர் லா டோம் பனியில் இந்த இணைப்பு இன்னும் நெருக்கமாக அமைந்தது. அங்கே குமிழியின் காற்றையும் நேரடியாக அளந்த காற்றையும் ஒரே ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இரண்டும் பொருந்தின. குமிழி பொய் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தோன்றவில்லை.

இதே குழு 2008இல் கிழக்கு அண்டார்டிகாவின் டோம் சி என்னும் இடத்துப் பனியிலிருந்து எட்டு லட்சம் ஆண்டுக் கரியமில வாயு வரிசையை முடித்தது. பனியுகங்களில் 170-180 அளவுக்கு இறங்கும், இடைப்பட்ட வெதுவெதுப்பான காலங்களில் 300ஐ ஒட்டி நின்றுவிடும். எட்டு லட்சம் ஆண்டில் 300ஐத் தாண்டிப் போனதே இல்லை என்று சொல்லிவிடலாம். 2015இல் இவர்களே இன்னொரு கட்டுரை எழுதினார்கள்: அந்த வரிசையின் மிகப் பழைய பகுதியில், நொறுக்கும் முறையால், சில மதிப்புகள் பத்து லட்சத்துக்குச் சுமார் 10 பங்கு வரை குறைவாக வந்துவிட்டன, இதோ திருத்தம். யாரும் விரல் நீட்டவில்லை, தாங்களே மறுபடி அளந்து கண்டுபிடித்தார்கள். 280ஐ நான் நம்புவதற்கு இந்தத் திருத்தம்தான் முக்கியமான காரணம். ஆண்டுக்கணக்கில் உழைத்து வெளியிட்ட எண்ணை மாற்றத் துணிந்தவர்கள், மாற்றாமல் விட்ட எண்ணுக்குக் கனம் உண்டு.

ஞாயிறு – ரயிலில்

ஜெனிவா வழியாக கிரனோபிள். ஏரிக்கரை அழகுதான், ஆனால் பாதி நேரம் குறிப்பேட்டில்தான் இருந்தேன். ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று: ஃபிர்ன் அடுக்கில் காற்று நூறு மீட்டர்வரை வேகமாகக் கலக்காமல் நிற்பதால் கனமான மூலக்கூறுகள் கொஞ்சம் அடியில் தங்கிவிடும். நைட்ரஜன் ஐசோடோப்புகளின் (எடையில் வேறுபடும் நைட்ரஜன் வகைகளின்) விகிதத்தைப் பார்த்து அதையும் திருத்துகிறார்கள். காற்றில் நைட்ரஜனின் அந்த விகிதம் லட்சக்கணக்கான ஆண்டாக மாறவில்லை, அதனால் அது உரைகல் ஆகிறது.

செவ்வாய் – கிரனோபிள்

மலைகள் சூழ்ந்த ஊர். பனிக்காற்று ஆய்வின் இன்னொரு தலைநகரம். பனி ஆய்வாளர் க்ளாட் லோரியஸ் இங்கிருந்தவர். 1957இல் அண்டார்டிகாவில் இன்னும் இருவரோடு பனிக்கு அடியிலான சிறு குடிலில் குளிர்காலத்தைக் கழித்தவர். 1965இல் அங்கே மாலையில் விஸ்கியில் பழைய பனித்துண்டைப் போட்டபோது அது பொரிவதைப் பார்த்து, இது அந்தக் காலத்துக் காற்றாயிற்றே என்று பொறிதட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். 2023இல் மறைந்தார்.

கடைசிப் பனியுகத்தில் கரியமில வாயு இன்றைவிட மிகக் குறைவு என்று 1980இல் கிரனோபிளும், 1982இல் பெர்னும் தனித்தனியே அளந்து சொன்னார்கள். பிறகு வோஸ்டாக். 1983 ஜூலை 21இல் மைனஸ் 89.2 டிகிரி பதிவான, அண்டார்டிகாவின் சோவியத் நிலையம் அது. பனிப்போர் உச்சத்தில் இருந்தது. ஆனாலும் 1984இல் லோரியஸ் உள்ளிட்ட பிரெஞ்சுக்காரர்களை அமெரிக்க விமானம் அங்கே இறக்கியது. சோவியத் துளைப்பாளர்கள் எடுத்த பனித்தண்டை பிரெஞ்சு ஆய்வகம் அளந்தது. 1987இல் 1,60,000 ஆண்டு வரலாறு, 1999இல் 4,20,000 ஆண்டு. வெப்பநிலையும் கரியமில வாயுவும் நான்கு பனியுகச் சுழற்சிகளிலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதை உலகம் பார்த்தது அப்போதுதான்.

இப்போது அந்த விவாதம். இந்த வரைபடத்தில் வெப்பம் முதலில் ஏறுகிறது, வாயு சில நூறு ஆண்டு கழித்துத்தான் ஏறுகிறது, ஆகவே வாயுவால் வெப்பம் கூடாது என்று ஒரு வாதம் இன்றும் உலவுகிறது. 2003இல் ஒரு பனியுக முடிவை அளந்த ஆய்வாளர்களே சுமார் 800 ஆண்டு இடைவெளி என்று சொன்னார்கள், உண்மைதான். ஆனால் வெப்பநிலையைப் பனிக்கட்டி சொல்கிறது, வாயுவைக் குமிழி சொல்கிறது. இரண்டுக்கும் வயது வேறு. அந்த வயது வித்தியாசத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலே முன்னது பின்னதாகிவிடும். 2013இல் இங்குள்ள ஃபிரெடெரிக் பாரெனின் குழு நைட்ரஜன் ஐசோடோப்பைக் கொண்டு அந்த வித்தியாசத்தைத் திருத்தமாகக் கணக்கிட்டபோது, கடைசிப் பனியுக முடிவில் அண்டார்டிக வெப்பமும் வாயுவும் ஏறக்குறைய சேர்ந்தே ஏறியிருந்தன. இடைவெளி இருந்தாலும் வாதம் நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். பூமியின் சுற்றுப்பாதை மாற்றம் தொடங்கிவைக்கிறது. சூடான கடல் வாயுவை விடுகிறது. அந்த வாயு பூமியை மேலும் சூடாக்குகிறது. வாயுவின் அந்த ஏற்றம் பத்து லட்சத்துக்குச் சுமார் 80 பங்கு. அதற்குப் பிடித்த காலம் பல ஆயிரம் ஆண்டு. நடுவே சில வேகமான பாய்ச்சல்களும் உண்டு: மேற்கு அண்டார்டிகப் பனியில் 2014இல் கண்டவை, ஓரிரு நூற்றாண்டில் 10 முதல் 15 பங்கு. 1958க்குப் பிறகு நாம் ஏற்றியது 100 பங்குக்கு மேல்.

இனி அடுத்த எல்லை. 2025 ஜனவரியில், டோம் சிக்கு அருகே லிட்டில் டோம் சி என்னும் இடத்தில், ஐரோப்பியக் கூட்டணி 2,800 மீட்டர் துளைத்து அடிப்பாறையைத் தொட்டது. அதில் 12 லட்சம் ஆண்டு தொடர்ச்சியான வரலாறு இருக்கிறது. அடிப்பகுதியில் ஒரு மீட்டரில் 13,000 ஆண்டு வரை நசுங்கிக் கிடக்கிறது. எட்டு கிராம் என்பது அங்கே ஆடம்பரம். அதற்காகவே லேசரால் பனியை உருக்காமல் நேராக ஆவியாக்கி, நூலளவு துண்டிலிருந்தும் காற்றை எடுக்கும் முறையை பெர்ன் குழு உருவாக்கியிருக்கிறது.

எதற்கு இத்தனை பாடு? சுமார் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை பனியுகம் 41,000 ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோனது. பிறகு அது சுமார் ஒரு லட்சம் ஆண்டுச் சுழற்சியாக நீண்டு, கடுமையும் ஆயிற்று. சுற்றுப்பாதையில் அதற்கு ஏற்ற மாற்றம் எதுவும் இல்லை. கரியமில வாயு படிப்படியாகக் குறைந்து பூமியைப் பனிக்கு இசைவாக்கியது என்பது ஒரு கருத்து. பழைய மண்ணைப் பனியாறுகள் சுரண்டி எடுத்துவிட, உறுதியான பாறை மேல் பனிப்படலம் பெரிதாக வளர முடிந்தது என்பது இன்னொன்று. முதலாவது சரியென்றால் அந்தப் பத்து லட்சம் ஆண்டுப் பழைய குமிழிகளில் வாயு அளவு சற்று உயரத்தில் தொடங்கி இறங்கி வர வேண்டும். அப்படி இறங்காவிட்டால், பனிப்படலத்தின் அடியில் கிடந்த மண்ணைத்தான் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.